எந்தப் பழைய நிலைக்கு?

பழைய ஜீப் ஒன்றை வாங்கி, வீட்டு வாசலில் வைத்துப் பிரித்து, துரு சுரண்டி, மறுபடி பூட்டி ஓடவைப்பதற்கு இப்போது ‘ரெஸ்டோரேஷன்’ என்று பெயர். பழைய நிலைக்கே கொண்டுவருவது என்று பொருள். எங்கள் வாசலிலும் இரண்டு வருஷமாக அந்த வேலை நடக்கிறது. என் அண்ணன் மெக்கானிக். அவர் வாயில் இந்த வார்த்தை வராது. ‘வேல பாத்துக்கிட்டிருக்கேன்’ என்பார், அவ்வளவுதான். வந்து எட்டிப் பார்க்கிறவர்கள்தான் கேட்கிறார்கள்: ‘ஒரிஜினலுக்குக் கொண்டாந்துடுவீங்களா?’

இந்தக் கேள்வியை எத்தனையோ தடவை கேட்டாயிற்று. கேட்கக் கேட்க எனக்கு ஒரு சந்தேகம். ஒரு பொருளை அதன் பழைய நிலைக்குத் திருப்புவது நல்ல காரியம் என்று நாம் ஏன் யோசிக்காமலே ஒத்துக்கொள்கிறோம்? எந்தப் பழைய நிலைக்கு? அந்தப் பழைய நிலையில் யார் வண்டிக்குள்ளே இருந்தார்கள், யார் வெளியே இருந்தார்கள்?

இது மகிந்திரா செய்த சி.ஜே. 3பி. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்துக்காக வில்லிஸ், ஃபோர்டு கம்பெனிகள் லட்சக்கணக்கில் செய்து தள்ளிய ஜீப்பின் வாரிசு. 1945இல் ‘மகிந்திரா அண்டு முகமது’ என்று ஆரம்பித்த கம்பெனி, கூட்டாளி குலாம் முகமது பாகிஸ்தானுக்குப் போய் அந்நாட்டின் முதல் நிதியமைச்சர் ஆகிவிட்டதால் 1948இல் ‘மகிந்திரா அண்டு மகிந்திரா’ ஆயிற்று. வில்லிஸ் ஜீப்பைப் பாகம் பாகமாக வரவழைத்துப் பூட்டி விற்க ஆரம்பித்து, பிறகு இங்கேயே செய்தார்கள். 3பி வகையில் எஞ்சின் உயரம் கூடியதால் பானெட்டையும் தூக்கிவிட்டார்கள். மேட்டு நெற்றிக்காரன் மாதிரி இருக்கும். தரையிலிருந்து மூன்று கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்று கியர். ஒன்று முன்சக்கரத்தையும் சேர்த்து இழுக்கவைப்பது. இன்னொன்று சேற்றில் வேகத்தைக் குறைத்து பலத்தைக் கூட்டுவது. மேலே கூரை கிடையாது, கித்தான்தான்.

இந்த வண்டியை 1960களின் கடைசியில் வாங்கியது எங்கள் பக்கத்துப் பண்ணை ஒன்று. மிராசுதார் போய்ச் சேர்ந்து, பிள்ளைகள் சென்னைக்குப் போய், வைக்கோல் கொட்டகைக்குள் முப்பது வருஷம் கிடந்தது. பண்ணை வீட்டை இடித்தபோது காரியஸ்தர் அதைக் காயலான் கடைக்குப் போட்டார். அங்கிருந்து அண்ணன் 38,000 ரூபாய்க்கு எடுத்தார். இரும்பு விலைதான். உப்புக்காற்று சும்மா விடுமா? தரைத்தகடு அப்பளமாக நொறுங்கியது. சேசிஸ் மட்டும் தப்பித்திருந்தது. ஆர்.சி. புத்தகத்தையும் காரியஸ்தர் தேடிக் கொடுத்துவிட்டார். அந்தப் புத்தகத்துக்குப் பின்னால் வருகிறேன்.

எங்கள் சித்தப்பாவுக்கு இந்த ஜீப்பை நன்றாகத் தெரியும். அவர் அந்தப் பண்ணையில் ஆளாக இருந்தவர். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

‘ஸ்டார்ட் ஆவலன்னா கூப்புடுவாங்க. சேத்துல மாட்டுனா கூப்புடுவாங்க. ராத்திரி ரெண்டு மணின்னாலும் தெருவுக்கு ஆளு வரும், வாங்கடான்னு. நாலு பேரு போயி தள்ளுவோம். வண்டி கெளம்பிடும், நாங்க நடந்து வருவோம். பொக சட்டையெல்லாம் அப்பிக்கும். கழுவுறது நாந்தான், தொடைக்கிறது நாந்தான். ஒக்காந்தது இல்ல. ஒரு நாளு டிரைவர் இல்லாதப்ப சீட்ட தொடைக்க ஏறுனேன், ஐயா பாத்துட்டாரு. ஒண்ணும் சொல்லல. மறுநாளு சீட்டு உறைய மாத்திட்டாங்க.’

‘ஒண்ணும் சொல்லல’ என்கிறாரே, அங்கேதான் எல்லாம் சொல்லப்பட்டிருக்கிறது.

இந்த வண்டிக்கு ‘ஆஃப் ரோடு’ வண்டி என்று பெயர். ரோட்டுக்கு வெளியே ஓடுவது. விளம்பரங்களில் பார்க்கிறீர்கள் அல்லவா, பாறை மேல் ஏறும், ஆற்றுக்குள் இறங்கும், ஓட்டுகிறவர் கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பார். அவருக்கு அது சாகசம், ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு. டெல்டாவில் ரோட்டுக்கு வெளியே இருந்தது எது? சேரி. ஊருக்கு ரோடு உண்டு, சேரிக்கு வரப்பு. ஐப்பசி, கார்த்திகையில் களிமண் முழங்கால் வரைக்கும் இழுக்கும். பிணத்தைத் தூக்கிக்கொண்டு, நடவு நட்ட வயலில் கால் வைக்காமல் வரப்பிலேயே ஒருவர் பின் ஒருவராக நடந்த கதை டெல்டாவில் எந்தத் தெருவில் கேட்டாலும் கிடைக்கும். வயலில் கால் பட்டால் வழக்கு. மிராசுதாருக்கு நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி எதற்கு என்றால், நாங்கள் வாழ்ந்த இடத்துக்கு வந்து எங்களை வேலைக்குக் கூப்பிட்டுப் போகவும், வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்கவும்தான். பாதை போட்டிருந்தால் சாதாரண காரே போதும். பாதை போடவில்லை, ஜீப் வாங்கினார்கள்.

காரைக்காலுக்கு என்று தனியாக ஒரு விஷயம் இருக்கிறது. 1739இல் தஞ்சை மராட்டிய மன்னரிடமிருந்து பிரெஞ்சுக்காரர்கள் வாங்கிய பகுதி. 1954 நவம்பர் 1இல்தான் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது, 1962இல்தான் சட்டப்படி இணைந்தது. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று எழுதிய ஆட்சிதான் இங்கே நடந்தது. ஆனால் 1952இல் தஞ்சை மாவட்டத்தில் செங்கொடிச் சங்கம் போராடிப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது அது வாய்க்காலுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. இந்தப் பக்கம் வேறு கொடி. வாய்க்கால் தண்ணீருக்கு எல்லை தெரியாது, மிராசுதாருக்கும் தெரியாது. சட்டத்துக்கு மட்டும் தெரிந்திருந்தது.

வண்டியும் சாதியும் என்றால் நமக்கு முதலில் ஞாபகம் வர வேண்டியவர் அம்பேத்கர். 1929இல் பம்பாய் அரசு அமைத்த குழுவின் உறுப்பினராகச் சுற்றிக்கொண்டிருந்தபோது சாலிஸ்காவ் ஸ்டேஷனில் இறங்குகிறார். மகர் குடியிருப்புக்கு அவரை ஏற்றிப் போக எந்த டோங்காக்காரனும் சம்மதிக்கவில்லை. கடைசியில் வண்டியைத் தருகிறேன், ஓட்ட மாட்டேன் என்று ஒருவன் ஒத்துக்கொள்கிறான். டோங்காவே ஓட்டிப் பழகாத நம் ஆள் ஒருவர் லகானைப் பிடிக்கிறார். பாலத்தில் சக்கரம் மாட்டி, வண்டியும் குதிரையும் ஆற்றில் விழுகின்றன. அம்பேத்கர் கல்தளத்தில் தூக்கி எறியப்பட்டுக் கால் முறிகிறது. பாரிஸ்டரைவிடத் தன்னை உயர்ந்தவனாக நினைக்கும் டோங்காக்காரனைப் பற்றி அவரே எழுதியிருக்கிறார். அதை எல்லோரும் பேசுகிறோம். எனக்கு அந்த லகானைப் பிடித்தவர்தான் முக்கியமாகப் படுகிறார். விருந்தாளி நடந்து வந்தால் மரியாதைக் குறைவு என்று நினைத்தார்கள், சரி. ஆனால் ஓட்டத் தெரிந்த ஒருவர்கூட அந்தக் குடியிருப்பில் இல்லை. அவமானம் ஒரு பக்கம். தொழில்நுட்பத்தை நம் கைக்கு எட்டாமல் வைத்திருந்தது இன்னொரு பக்கம். இரண்டாவதுதான் காலை முறித்தது.

இன்னொரு வண்டி நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. காரைக்காலிலிருந்து காலையில் பஸ் ஏறினால் கீழ்வெண்மணிக்குப் போய்விட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். 1968 டிசம்பர் 25 இரவு 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட மிராசுதார்களை விடுதலை செய்தது. இவர்களில் பெரும்பாலோர் நிறைய நிலம் வைத்திருக்கும் பணக்காரர்கள், ஒருவரிடம் காரும் இருக்கிறது, இப்படிப்பட்டவர்கள் ஆள்களை விட்டுவிட்டுத் தாங்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்று நம்பச் சிரமமாக இருக்கிறது என்கிற ரீதியில் தீர்ப்பு போயிற்று. கார் வைத்திருப்பவன் நடக்க மாட்டான். நடக்காதவன் கொளுத்த மாட்டான். ஒரு கார் சாட்சிக்கூண்டில் ஏறி முதலாளிக்கு நற்சான்று சொன்ன வழக்கு அது. ஆகவே ‘வண்டி என்ன பண்ணும், அது வெறும் இரும்புதானே’ என்று அண்ணன் சொல்லும்போது என்னால் முழுசாக ஒத்துக்கொள்ள முடியவில்லை. இரும்புக்குக் குற்றம் இல்லை. ஆனால் இரும்பு ஊமையும் இல்லை.

இப்போது வேலைக்கு வருகிறேன். அண்ணன் தொழில் கற்றது பாய் ஒருவரின் பட்டறையில். அதற்கு முன்பு போன பட்டறையில் இரண்டு வருஷம் மண்ணெண்ணெயில் சாமான் கழுவவைத்தார்கள், ஸ்பானர் கைக்கு வரவில்லை. பாய்தான் முதல் வாரமே கியர்பாக்ஸைப் பிரிக்கச் சொன்னாராம். அந்தக் கை இப்போது எங்கள் வாசலில் வேலை செய்கிறது. துருப்பிடித்த போல்ட்டுக்கு மண்ணெண்ணெய் ஊற்றி இரண்டு நாள் விட்டு, கழலாவிட்டால் கேஸ் வைத்துச் சூடாக்கிக் கழற்றுவார். தரைத்தகட்டைப் புதிதாக வெட்டி வெல்டிங். முன் அச்சில் முட்டிப் பகுதிப் பேரிங்குகள் போயிருந்தன, நாகப்பட்டினத்தில் கொஞ்சம், திருச்சியில் கொஞ்சம் என்று தேடினார். ஸ்பிரிங் பட்டை இரண்டு ஒடிந்திருந்தது. லாரிப் பட்டையை வெட்டி வளைத்துப் போட்டார். எஞ்சின் வந்ததிலிருந்தே பெட்ரோல் எஞ்சின் இல்லை. பெட்ரோல் விலை தாங்காமல் 1980களில் பண்ணையிலேயே அதைக் கழற்றிவிட்டு பியூஜோ டீசல் எஞ்சினை ஏற்றியிருக்கிறார்கள். நாட்டில் ஆயிரக்கணக்கான ஜீப்களுக்கு நடந்த மாற்றம்தான் அது. அண்ணன் மகள் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிக்கிறாள். வயரிங் முழுக்க அவள் வேலை. அவள் சொல்கிறாள்: ‘இது கலப்புக் கல்யாணத்துல பொறந்த வண்டி பெரியப்பா.’ உண்மையில் நான் அவளுக்குச் சித்தப்பா. தலை நரைத்துவிட்டதால் கிண்டல்.

ஆனால் ஒரிஜினல்காரர்களுக்குக் கலப்பு பிடிக்காது. பழைய வண்டி சேர்ப்பவர்கள் மத்தியில் ஒரு கணக்கு இருக்கிறது. சேசிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் கம்பெனியிலிருந்து வந்தபடியே பொருந்தியிருக்க வேண்டும். அப்படி இருந்தால் விலை பல மடங்கு. மாறியிருந்தால் மதிப்பு இறங்கும். இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கோத்திரம் பார்க்கிறார்கள்! வண்டிக்கும் வம்சாவளி, வண்டிக்கும் தூய்மை. சட்டமும் அதே பாஷையைத்தான் பேசுகிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி 50 வயது தாண்டிய வண்டி ‘விண்டேஜ்’ என்று பதிவாக வேண்டுமென்றால் அது ஆரம்ப வடிவத்திலேயே பேணப்பட்டிருக்க வேண்டும், சேசிஸிலோ பாடியிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அப்படிப் பதிவான வண்டியை அன்றாட ஓட்டத்துக்கு ரோட்டில் எடுக்கவும் கூடாது, கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் போகலாம். அந்த வகையில் சேராத பழைய வண்டி வெறும் பழசு. 15 வருஷத்துக்குப் பிறகு ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் கார், ஜீப் வகைக்கு 2022 ஏப்ரலில் 5,000 ஆயிற்று. 2025இல் 20 வயது தாண்டியவற்றுக்கு மறுபடி ஏற்றினார்கள்.

உழைக்காமல் கொட்டகையில் நின்ற வண்டிக்குப் பெயர் பாரம்பரியம். உழைத்து, தேய்ந்து, பாகம் மாறி, எப்படியோ உயிரோடு இருக்கிற வண்டிக்குப் பெயர் தண்டம். மனிதர்களை இப்படித்தானே பிரித்து வைத்திருக்கிறார்கள்.

தத்துவம் படிக்கிற மாணவர்களுக்குக் கிரேக்கர்களின் கப்பல் புதிர் தெரிந்திருக்கும். தீசியஸின் கப்பலில் உளுத்த பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்தால் கடைசியில் இருப்பது அதே கப்பலா, வேறு கப்பலா? புளூடார்க் எழுதிவைத்தது. நான் படித்த வரையில் இந்தப் புதிரை விவாதித்தவர்கள் பலகையை மாற்றிய தச்சர்களைப் பற்றிக் கவலைப்படவில்லை. தச்சனிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான்: ‘ஓட்டை அடைச்சாச்சு, ஏறுங்க.’ பழுதுபார்ப்பது வேறு, மீட்டுருவாக்கம் வேறு. பழுதுபார்ப்பவன் நாளைக்கு ஓடுமா என்று பார்க்கிறான். மீட்டுருவாக்குபவன் நேற்று எப்படி இருந்தது என்று பார்க்கிறான். திரும்பிப் போக நேற்று ஒன்று இருப்பவர்களுக்கு இரண்டாவது கட்டுப்படியாகும். நமக்குத் திரும்பிப் போய் உட்கார ஒரு நேற்று எங்கே இருக்கிறது? 2012 நவம்பர் 7இல் தருமபுரி நத்தம் காலனியில் எரித்த வீடுகளுக்கு முன்னால் மோட்டார் சைக்கிள்கள் கரிக்கூடாகக் கிடந்த படங்களைப் பார்த்தோமே. பெங்களூருக்குப் போய் உழைத்துச் சேர்த்த சாமான்கள். நம்மிடம் பழைய பொருள் இல்லாமல் போனதற்கு நம் அலட்சியம் காரணம் இல்லை. பழசாகும் வரைக்கும் எதையும் நம்மிடம் விட்டுவைக்கவில்லை.

இதைச் சொல்லும்போது நம் பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஜீப்பைப் பார்க்க வந்த நம் பையன்கள் சிலர் கேட்டார்கள்: ‘பெரிய டயர் போட்டு, முன்னால நாலு லைட்டு வச்சு, கொடி கட்டுனா சும்மா அதிரும்லண்ணே.’ அவர்கள் ஆசையில் தப்பில்லை. ஏறவிடாத வண்டியில் ஏற வேண்டும் என்பது கலகம்தான். ஆனால் ஏறியபின் அதே ஹாரனை அதே மாதிரி அடிப்பதற்குப் பெயர் கலகம் இல்லை. நம் தலைவர்களின் வண்டி வரிசைகளைப் பார்க்கும்போதும் எனக்கு இது தோன்றுவதுண்டு. தெருவுக்குள் தூசி கிளப்பிக்கொண்டு வருகிற வண்டி யாருடையதாக இருந்தாலும் தூசி நம் சோற்றில்தான் விழுகிறது. அண்ணன் அந்தப் பையன்களுக்குச் சொன்ன பதில் சின்னது. ‘பின்னாடி பெஞ்சு சீட்ட எடுத்துட்டு ஸ்டெரெச்சர் நீளத்துக்கு எடம் வுடப் போறேன்.’ மழைக்காலத்தில் எங்கள் தெருவின் கடைசி முனைக்கு இன்றைக்கும் ஆம்புலன்ஸ் வராது, சிமெண்ட் ரோடு பாதியோடு நின்றுவிட்டது. அங்கிருந்து பிரசவ வலி வந்த பெண்ணைக் கட்டிலோடு தூக்கி வந்துதான் காரைக்கால் ஜி.எச்.சுக்கு வண்டி ஏற்ற வேண்டும். சுடுகாட்டுப் பாதையும் அந்தப் பக்கம்தான். மூன்றாவது கம்பிக்கு இப்போதுதான் சரியான வேலை வந்திருக்கிறது.

பெயிண்ட் சுரண்டும்போதுதான் பிரச்சினை ஆரம்பித்தது. பின்கதவுத் தகட்டில் மேலே பச்சை, அதற்குக் கீழே சாம்பல், அதற்கும் கீழே மஞ்சள் எழுத்தில் பண்ணையின் பெயர். ஓரங்களில் எழுத்து பளிச்சென்று இருக்கிறது. நடுவில் இரண்டு இடத்தில் தேய்ந்து தகடு தெரிகிறது. அண்ணி முழுசாகச் சுரண்டு என்றார்கள். மகள் இருக்கட்டும் என்றாள். அந்த நேரம் பார்த்துத்தான் மிராசுதாரின் பேரன் சென்னையிலிருந்து போன் செய்தார். யாரோ படம் அனுப்பியிருக்கிறார்கள். ‘நம்ம வீட்டு ஜீப்’ என்று பேச்சைத் தொடங்கினார். நல்ல பையன்தான், ‘அண்ணா’ என்றுதான் பேசுகிறார். பெட்ரோல் எஞ்சின் தேடிப் போட்டு ஒரிஜினலாக்கித் தாத்தா ஞாபகமாக வைத்துக்கொள்ளப் போகிறாராம். 4 லட்சம் தருகிறேன் என்றார். அண்ணன் விற்கவில்லை என்றார். அப்படியானால் அந்தப் பெயர் எழுதிய பின்கதவை மட்டுமாவது கொடுங்கள் என்றார்.

இங்கேதான் அந்த ஆர்.சி. புத்தகம் வருகிறது. புத்தகத்தில் செத்துப்போன தாத்தா பெயர். வண்டி எங்கள் பெயருக்கு வர வேண்டுமென்றால் முதலில் வாரிசு 31ஆம் படிவம் போட்டுத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும், பிறகு 29லும் 30லும் விற்றதாகக் கையெழுத்துப் போட வேண்டும். காயலான் கடைக்காரர் கொடுத்த துண்டுச்சீட்டை ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டினால் சிரிப்பார்கள். வண்டி எங்கள் வாசலில், பெயர் அவர்கள் வீட்டில். உழுதது நாம், பட்டா அவர்கள் என்கிற அதே ஏற்பாடு சக்கரம் வைத்துக்கொண்டு வந்து நிற்கிறது. பேரன் மிரட்டவில்லை. ‘கதவு வந்ததும் நான் சைன் பண்ணிடறேன்’ என்று இயல்பாகச் சொன்னார், கொடுக்கல் வாங்கல் மாதிரி.

வீட்டில் பெரிய விவாதம். அண்ணன் கட்சி: எழுத்தைக் கொடுத்துவிட்டு ரோட்டை வாங்குவோம், அந்தப் பெயரை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்யப்போகிறோம். இதில் நியாயம் இருக்கிறது. தெருவுக்கு வண்டி வேண்டும், தகடு வேண்டாம். என் கட்சி வேறு. அந்தத் தகடு சென்னை வீட்டுச் சுவரில் மாட்டப்பட்டால் அது தாத்தாவின் பெருமை. ஜீப் வைத்திருந்த குடும்பம், அந்தக் காலத்திலேயே, என்று பேசப்படும். எங்கள் வாசலில் இருந்தால் அது சாட்சியம். ஒரே இரும்பு, ஒரே எழுத்து. எங்கே இருக்கிறது, யார் பக்கத்தில் நின்று சொல்கிறார்கள் என்பதை வைத்துத்தான் அது என்னவென்று முடிவாகிறது. வெண்மணியின் கார் நமக்குக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டிய பாடம் இதுதான். சுரண்டி எடுத்துவிடலாம் என்ற அண்ணியின் கட்சியும் எனக்குச் சம்மதமில்லை. அவமானத்தின் தடயத்தை அழிப்பதால் அவமானப்படுத்தியவனுக்குத்தான் வசதி.

சித்தப்பா அதுவரைக்கும் ஜீப் பக்கமே வந்ததில்லை. ஒட்டுத் திண்ணையிலிருந்தே பார்ப்பார். அன்றைக்கு எழுந்து வந்து அந்தத் தகட்டில், தேய்ந்த இரண்டு இடத்திலும் இரண்டு உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். ‘இங்கதான் கை வச்சித் தள்ளுவோம். எழுத்துமேலதான் கை இருக்கும். என்ன எழுதியிருக்குன்னு இன்னிக்கித்தான் பாப்பா படிச்சிச் சொல்லித் தெரியிது’ என்றார். மகள் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: ‘குடுக்குறதா இருந்தா குடுங்க. ஆனா தள்ளுனதுக்குக் கூலி வரலன்னு சொல்லு. அதயும் சேத்துப் போட்டுக் குடுக்கச் சொல்லு.’

அண்ணன் இதை அப்படியே பேரனிடம் போனில் சொல்லிவிட்டார். மறுமுனையில் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாத ஒரு சத்தம் வந்ததாம். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். மூன்று மாதமாயிற்று. கையெழுத்து வரவில்லை, கூலியும் வரவில்லை. ஸ்டியரிங் பாக்ஸில் ஆட்டம் இருக்கிறது, அதற்குத் திருச்சியில் சொல்லிவைத்திருக்கிறது. மழை ஆரம்பித்துவிட்டதால் வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறோம். தகடு திண்ணையில் சித்தப்பாவின் தலைமாட்டில் சாத்திவைக்கப்பட்டிருக்கிறது.